ரத்தம் வராத கை

ஒவ்வொரு முள்ளையும் முதலில் தன் இடது கையில் குத்திப் பார்த்துக்கொள்வார் ராஜலிங்கம். முள் என்பது காவடி எடுப்பவர்களின் முதுகுத் தோலில் மாட்டுகிற சின்ன வெள்ளிக் கொக்கி. முனை மழுங்கியிருந்தால் தோல் கிழியும். நல்ல முனை என்றால் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான். "நம்ம தோல் தாங்காதத அடுத்தவன் தோல்ல மாட்டக் கூடாதுங்க" என்பார். பார்த்து முடித்த முள்ளை எலுமிச்சம்பழத்தில் ஒரு தடவை செருகி எடுத்து, திருநீற்றில் புரட்டித் தட்டில் வைப்பார். மொத்தம் இருபத்தேழு முள். மாரியம்மன் திருவிழா மூன்று நாளும் அதே இருபத்தேழுதான். முதல் நாள் ஒருவர் முதுகிலிருந்து கழற்றியது மறுநாள் இன்னொருவர் முதுகுக்குப் போகும்.

வீடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில். வேலை கண்டி டவுனில், ஹாஷிம் நானாவின் சைக்கிள் கடையில். பதினொரு மாதம் ஓட்டை அடைக்கிற மனுசன் ஆடி மாதம் மட்டும் ஓட்டை போடுகிறாரே என்று நானா வாய்விட்டுச் சிரிப்பார். ராஜலிங்கம் சிரிக்க மாட்டார். சாமி காரியத்தில் அவருக்கு விளையாட்டுப் பேச்சு ஆகாது.

சுத்தத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. சலூன் பக்கமே போக மாட்டார். "எவன் மூஞ்சியில பட்ட பிளேடோ!" என்று சொல்லி, வீட்டு வாசலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துத் தானே சவரம் செய்துகொள்வார். டவுன் கடையில் தேத்தண்ணி குடித்தாலும் கிளாஸைச் சுடுதண்ணீரில் கழுவச் சொல்லி, கழுவி முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார். அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்.

தோட்டத்தில் அவருக்கு இன்னொரு பேர் உண்டு: ரத்தம் வராத கை. முள் ஏறும்போது ரத்தம் வந்தால் விரதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒருத்தியைத் தவிர ராஜலிங்கம் குத்தி ஒருத்தருக்கும் வந்ததில்லை என்பது ஊர்ப் பேச்சு. உண்மை என்னவென்றால், எல்லோருக்கும் வரும். கடுகளவு, மிளகளவு. அவர் பெருவிரலால் அமுக்கித் துடைத்து, மேலே திருநீற்றை அப்பிவிடுவார். இருபது வருடமாக இது தெரிந்த ஒரே ஆள் மனைவி பாலம்மா. "இருபத்தொரு நாள் விரதம் இருந்துட்டு வந்து நிக்கிறான். ஒரு சொட்டுக்காக அவன் மானத்த வாங்கச் சொல்றியா?" என்று அவளிடம் கேட்பார். அது ஏமாற்று அல்ல, இரக்கம் என்றுதான் நினைத்திருந்தார்.

ஒரே ஒரு தடவை கை தவறியது. கொழுந்து பறிக்கிற அங்கம்மா, கணவன் இறந்த பிறகு, மகளின் சுகத்துக்காக நேர்ந்து கன்னத்தில் அலகு குத்திக்கொள்ள வந்தாள். பின்னாலிருந்து கூட்டம் நெட்டித் தள்ள, அவர் விரல் போய்ச் சேருவதற்குள் ரத்தம் மஞ்சள் சேலையில் வழிந்துவிட்டது. புருசன் இல்லாத பெண் என்றால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. விரதத்தில் இருந்த லட்சணம் தெரிகிறது என்றார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருடமாக அங்கம்மா கோயில் வாசல்படியைத் தாண்டவில்லை. அன்றைக்கு ராஜலிங்கம் வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடுதான்.

இந்த வருட வெசாக் பௌத்தப் பண்டிகையின்போது, முதல் தடவையாக இரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அங்கே நர்ஸாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரரான றீற்றா மிஸ் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ ஐயா. பயப்பிடாதேங்கோ. உங்கட ரத்தத்தில ஹெபடைட்டிஸ் பி எண்ட கிருமி கிடக்கு. ஈரலைப் பழுதாக்கிற கிருமி. கன பேருக்கு வருசக்கணக்கா ஒண்டும் தெரியாது."

"மஞ்ச காமாலயா மிஸ்? என் கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு?"

மிஸ் ஒரு படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பச்சை குத்தியதுண்டா? சலூனில் பிளேடு மாற்றுவார்களா? பல் பிடுங்கியது? ரத்தம் ஏற்றியது? வேறு பெண்களோடு பழக்கம்? எல்லாவற்றுக்கும் "இல்லைங்க". கடைசிக் கேள்விக்கு முகம் சிவந்து இரண்டு தடவை "இல்லைங்க".

வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றார். ஹந்தானை பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. திரும்பி நடந்தார்.

"மிஸ், அந்தக் காயிதத்துல முள்ளு இல்லீங்களே."

முள் என்றால் என்ன, அதை எப்படிப் பார்ப்பார், எத்தனை பேருக்குக் குத்துவார் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மிஸ் பேனாவை வைத்தார். "ரத்தம் வாறேல்லையோ?"

இருபது வருடத்தில் முதல் தடவையாக வெளியாள் ஒருத்தரிடம் சொன்னார்: "வரும் மிஸ்."

"ஆரிட்ட இருந்து ஆருக்குப் போனது எண்டு சொல்லேலாது. எலுமிச்சம்பழத்துக்கு இந்தக் கிருமி சாகாது, ஐயா. ஆளுக்கு ஒரு புது முள்ளு வேணும். குத்தின ஆக்கள் எல்லாரும் வந்து ரத்தம் பாக்க வேணும். கிருமி இல்லாட்டித் தடுப்பூசி போடலாம், இருந்தா வைத்தியம் பாக்கலாம்."

வரச் சொல்வது சுலபம். ஏன் என்று கேட்பார்களே! ரத்தமே வராதவனுக்கு ரத்தத்தால் பரவுகிற நோய் எப்படி வரும்? அவர்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர்கள் மானத்தையும் தன் பேரையும் சேர்த்து உடைக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போட்டார். மூன்றாவது ஞாயிறு கோயிலில் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டம். பாலம்மாவிடம், "அங்கம்மாவையும் கூட்டியா. உள்ள வராட்டிப் பரவால்ல, காதுல விழுந்தாப் போதும்" என்றார்.

கூட்டத்தில் கோயில் தலைவர் பொன்னையா கணக்கு வாசித்து முடிக்கும்வரை காத்திருந்து எழுந்தார். கிருமி இருப்பதைச் சொன்னார். முள்ளைச் சொன்னார். பிறகு, "எல்லாருக்கும் ரத்தம் வந்துச்சுங்க. ஒரு ஆளு பாக்கி இல்ல. நான்தான் அமுக்கித் துன்னூறு பூசினேன்" என்றார்.

பொன்னையா பதினான்கு வருடம் காவடி எடுத்தவர். "சாமி முள்ளுல நோய் வருமாய்யா? எனக்கு ரத்தம் வந்துச்சுன்னு சொல்றியா நீ?" என்று பாய்ந்தார்.

"உங்களுக்கும் வந்துச்சுங்க தலைவரே. வருசா வருசம்."

பின்வரிசையில் ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். இவனை இனிக் கோயிலுக்குள் விடக் கூடாது என்றார் இன்னொருவர். ராஜலிங்கம் சனிக்கிழமை கிளினிக்குக்கு வருகிறவர்களின் பேரை எழுத ஒரு கொப்பியை விரித்து, மேலே பேனாவை வைத்தார். யாரும் கிட்ட வரவில்லை. பொன்னையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே நின்றிருந்த அங்கம்மா செருப்பைக் கழற்றினாள். படியில் ஒரு நொடி தயங்கி, காலை எடுத்து உள்ளே வைத்தாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். கொப்பி முன்னால் வந்து, "எழுதுங்கண்ணே. அங்கம்மா" என்றாள்.

ராஜலிங்கம் உடனே எழுதவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, அம்மன் நடை திறக்கும்போது கட்டுவதுபோல இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகுதான் பேனாவைத் தொட்டார்.