கடைசியாக வரும் சைக்கிள்

செய்தி வந்தபோது நான் வேலூரில், கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேஜைத் தொலைபேசியில் விசாலாட்சி மாமி. எப்போதும் "சாப்டியாடி?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்று கேட்கவில்லை. "சகுந்தலா போயிட்டாடி. காலம்பற" என்றார். பிறகு, "சைக்கிள்ல கிளம்பிடாதே. பஸ்ல வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு யார் சைக்கிளில் போவார்கள்? துக்கத்தில் அவருக்கு அதுதான் வாயில் வந்திருக்கிறது. எனக்குக் கண் நிறைந்ததும் அந்த வார்த்தைகளில்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் சகுந்தலா அக்காவின் கையால் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களாக இருப்பீர்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் அவர் பல வருடங்கள் செவிலியர். ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வரப்பு வழியாக வருவார். 'சைக்கிள் நர்ஸம்மா' என்று சொன்னால்தான் அங்கே தெரியும். அந்த நர்ஸம்மாவைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், மறுநாள் விடிவதற்குள் மறுபடி சைக்கிளை எடுக்கிற சகுந்தலா அக்காவை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நாங்கள் நான்கு பேர் விடியற்காலைகளில் கிரிவலப் பாதையில் சைக்கிள் விட்டோம். அக்கா, கோயில் குருக்கள் வீட்டு விசாலாட்சி மாமி, அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலமும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேர்க்கடலைக் கடையும் வைத்திருந்த ராணி, எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான். பௌர்ணமி அன்று மட்டும் போகமாட்டோம். அன்று பாதையில் கால் வைக்கவே இடமிருக்காது, ராணிக்கும் வியாபாரம். மாமி செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு வெறுங்காலால்தான் மிதிப்பார். "நடந்தா என்ன, மிதிச்சா என்ன, சுத்தறது சுத்தறதுதானே" என்பார்.

அக்கா வைத்திருந்தது ஒரே ஒரு விதி. மெதுவாக மிதிக்கிறவர் முன்னால் போக வேண்டும். எல்லாரையும்விட வேகமாக மிதிக்கக்கூடிய அவர் எல்லாருக்கும் பின்னால் வருவார். அவ்வப்போது மணியை ஒரே ஒரு தடவை அடிப்பார். எல்லாரும் இருக்கிறோம், திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். ஏன் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன். "வேகமா போறவ முன்னாடி போனா, பின்னாடி இருக்கறவளுக்கு மூச்சும் வாங்கும், வெக்கமாவும் இருக்கும். மெதுவா போறவ முன்னாடி போனா கொஞ்சம் லேட்டாகும். அவ்ளோதான்" என்றார்.

அந்த லேட்டைத்தான் ராணியால் பொறுக்க முடியாது. "மாமி, உங்க பின்னாடி வந்து வந்து என் வண்டில டயர் தேயல, பிரேக் கட்டைதான் தேயுது" என்பாள். மாமி திரும்பாமலே பதில் சொல்வார்: "நீ கடலை மூட்டை ஏத்தி மிதிக்கறவ. நான் என்னையே ஏத்திண்டு மிதிக்கறேன். அதுவே எனக்கு ஜாஸ்தி."

அந்தமானுக்குப் போகலாம் என்று ஆரம்பித்ததும் அக்காதான். போர்ட் பிளேரில் அவருடைய தம்பி வேலையில் இருந்தார். அங்கிருந்து படகில் போகிற சின்னத் தீவுகளில் வண்டி வாகனம் கம்மி, சைக்கிளுக்கென்றே போட்ட மாதிரி ரோடு, பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் எழுதியிருந்தார். எங்களுக்குத் தீவு தூரமாகத் தெரியவில்லை. வீட்டு வாசலைத் தாண்டுவதுதான் தூரம். அக்கா ஒவ்வொரு வீடாகப் போனார்.

மாமி வீட்டில் குருக்கள் கேட்டது ஒன்றுதான்: "அங்கே மடியா சமைக்க முடியுமோ?" அக்கா சொன்னார், "மாமிதான் சமைக்கப் போறாங்க. எங்க மூணு பேருக்கும் மடியா சாப்பிடறதத் தவிர வேற வழியே இல்ல." குருக்கள் சிரித்துவிட்டார். ராணி வீட்டில் அவளே பேசிக்கொண்டாள். கஷ்டம் என் வீடுதான். அப்பா வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எதையும் தலைப்பு வாரியாகப் பார்ப்பார்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு. கடல் தாண்டிப் போகணும். சைக்கிள்ல சுத்தணும். கூடாரத்துல படுக்கணும்." விரல் விட்டு எண்ணினார். "இதுல எதம்மா நான் ஒத்துக்கணும்?"

"நாலையும் சார்" என்றார் அக்கா. பிறகு குரலைத் தணித்து, "ஞாயித்துக்கிழம காலைல இதே வாசல்ல கொண்டாந்து விடறேன். என் பொறுப்பு" என்று திரும்பும் நாளைச் சொன்னார்.

அப்பா சம்மதித்தார். தெருமுனை வரை அக்காவோடு நடந்து போனேன். சந்தோஷத்தில் நான் ஏதேதோ சொன்னேன். அக்கா தெருமுனையில் நின்றார். "மொத தடவ அனுப்பறது பெருசில்லடி. ஏதோ ஒரு வேகத்துல அனுப்பிடுவாங்க. சொன்னபடி திரும்பி வந்து, ரெண்டாந்தடவ அனுப்பறாங்களா பாரு. அதான் பெருசு" என்றார்.

கப்பலில் மூன்று நாள். சைக்கிள்களைக் கீழ்த்தளத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மாமிக்குத் தலைசுற்றல், ராணி ஊர்க்கதை பேச ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நான் மேல்தளத்தில் ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்து அதை மூடினார். "கொஞ்சம் கடலப் பாரு. அதுல பக்கம் திருப்பற வேலைகூட இல்ல." இன்றுவரை எந்த நல்ல புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தாலும் எனக்கு அந்தக் கடல் வெயில் ஞாபகம் வருகிறது.

தீவுகள் நன்றாகவே போயின. தார்ப்பாயை இரண்டு தென்னைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி அதற்குக் கூடாரம் என்று பெயர் வைத்தோம். மாமி மண்ணெண்ணெய் அடுப்பில் அரிசி உப்புமா கிளறுவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மூன்றாவது தீவில்தான் அந்தத் தப்பு நடந்தது. அது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அன்று பிற்பகல் போர்ட் பிளேருக்குப் படகு. அடுத்த படகு இரண்டு நாள் கழித்துத்தான். மறுநாள் மாலை சென்னைக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காலையில் தீவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து படகு ஏறலாம் என்று முடிவு. படகுத்துறையிலிருந்து ரோடு கிளம்பியது. இடது கைப்பக்கம் கடல், வலது கைப்பக்கம் மரங்கள் அடர்ந்த குன்று. மாமி செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டார். "இதுவும் மலைதான்டி. இடுப்பளவு தண்ணில நிக்கறது."

பாதி வழியில் எனக்குச் சின்னச் சந்தேகம் வந்தது. "அக்கா, ரோடு சுத்தி வந்துடும்ல?"

"மலை வலது கைப்பக்கம்தானே இருக்கு? அப்போ வந்துடும்" என்றார்.

அந்தப் பதிலில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. மலையோரமாகப் போகிற ரோடு கிளம்பிய இடத்துக்கே வந்து சேராமல் போகும் என்பதை எங்கள் நான்கு பேரில் ஒருவரும் கண்டதில்லை. யாரையும் விசாரிக்கவுமில்லை. தார் ரோடு ஜல்லியாயிற்று. ஜல்லி மணலாயிற்று. மணல் ஓரிடத்தில் அலையாத்தி மரங்களின் வேர்களுக்குள் போய் நின்றது. அங்கே தேங்காய்ப் பருப்பைக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், குன்றைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினோம். அவர் எங்கள் வட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். தலையை ஆட்டி, வந்த வழியையே காட்டினார்.

திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் மாமிக்குத் தொடை பிடித்துக்கொண்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். வெயில் ஏறிவிட்டது. ராணி சைக்கிளை நிறுத்தினாள்.

"அக்கா, நானும் இவளும் பறந்துடறோம். படகு கெடைச்சிரும். இவள நானே கப்பல் ஏத்தி ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் மாமியும் பொறவு வாங்க. இவங்கப்பாதான் கஷ்டம். அந்த ஒரு வீட்டையாச்சும் காப்பாத்திக்கலாம்."

"ஆமாண்டி, போங்கோ" என்றார் மாமி. முகம் சுண்டிப் போயிருந்தது.

எனக்குப் போக வேண்டும் போலத்தான் இருந்தது. அக்கா கடலை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "நாலு பேரா வந்தோம். லேட்டானாலும் நாலு பேராத்தான் போறோம்."

"அப்போ ரெண்டாந்தடவ?" என்றாள் ராணி. அக்கா தெருமுனையில் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அது போச்சு. நட."

மாமி முன்னால் போனார், கொஞ்சம் மிதித்தும் கொஞ்சம் நடந்தும். கடைசி வளைவில் படகுத்துறை தெரிந்தபோது படகு கிளம்பிப் போயிருந்தது. அதன் பின்னால் தண்ணீரில் வெள்ளையாக ஒரு கோடு நீண்டு கிடந்தது. பின்னாலிருந்து மணி ஒரு தடவை அடித்தது.

போர்ட் பிளேரில் தொலைபேசிக் கடையிலிருந்து அப்பாவிடம் பேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டு "சரி" என்று வைத்துவிட்டார். அக்காவின் தம்பி வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தோம். ஊர் வந்ததும் அக்கா தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு ஒவ்வொரு வாசலாக வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமன்னீங்க" என்றார் அப்பா.

"ஆமா சார். ரோடு சுத்தி வரும்னு நெனச்சிட்டேன். தப்பு என்னுது."

அப்பா உள்ளே போய்விட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் எதையும் உடனே சொல்லத் தெரியாதவள். அந்த நாளைப் பற்றி வீட்டில் சொல்லி முடிக்க எனக்கு மாதங்கள் ஆயின. ஒரு நாள் மாமியின் தொடைப் பிடிப்பு, இன்னொரு நாள் ராணி சொன்னது, வேறொரு நாள் அக்காவின் பதில். அப்பா செய்தித்தாளை இறக்காமலே கேட்பார். கேட்கிறாரா என்றே எனக்குத் தெரியாது.

அக்கா ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டுப் போவார், பயணத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார். மூன்றாவது பொங்கலுக்கு அப்பாவே கேட்டார், "என்னம்மா, எங்கேயும் கிளம்பலையா?"

"அனுப்புனா கிளம்பலாம் சார்."

"கூட்டிட்டுப் போங்க" என்றார் அப்பா. "அன்னிக்கு ரெண்டு பேரு மட்டும் சொன்ன நாளுக்கு வந்து, மிச்சம் ரெண்டு பேரு பின்னாடி வந்திருந்தா, உங்கள இந்த வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டேன். லேட்டானாலும் நாலு பேரா வந்தீங்க."

அக்கா காலியான டம்ளரிலிருந்து மறுபடி மறுபடி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை ஒன்பது பேர் போனோம். படகு நேரத்தை அக்கா துறையில் மூன்று பேரிடம் விசாரித்தார். அதே தீவில், அதே ரோட்டில், வேண்டுமென்றே கடைசி வரை போனோம். அலையாத்தி வேர்களுக்கு முன்னால் இறங்கி நின்று, "மலை வலது பக்கம்தான் இருக்கு. ஆனா வராது" என்று சொல்லிச் சிரித்தார். திரும்பும்போது வரிசை தலைகீழாகிவிடும், கடைசி ஆள் முதல் ஆளாகிவிடுவார். அக்கா சைக்கிளை ஓரமாகச் சாய்த்துக்கொண்டு எல்லாரையும் தாண்டிப் போகவிட்டார். கடைசியில்தான் ஏறினார். மணி கேட்டது.

கடைசி ஒரு வருடமாக அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வேலூரில் மருத்துவமனைக்கு வரும் நாட்களில் நான் போய்ப் பார்ப்பேன். கையில் ஊசி ஏற்றியிருக்கும்போதே குத்தின நர்சிடம், "நல்லா போட்டம்மா, எனக்கே வலிக்கல" என்பார். கடைசியாகப் பார்த்தபோது, "ஞாயித்துக்கிழம ஊருக்கு வந்தா சுத்தறீங்களா?" என்று கேட்டார். சுத்துகிறோம் என்றேன். "கடைசில யாரு வர்றா?"

யாரும் வருவதில்லை. அந்த இடத்தை நாங்கள் அப்படியே விட்டிருந்தோம். அதைச் சொல்லாமல் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

காரியம் முடிந்த மறுநாள் விடியலில் கிளம்பினோம். மாமிக்கு இப்போது முழங்கால் வலி, முன்பைவிட மெது. அவர் முன்னால். ராணி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. நான் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு ஓரமாக நின்றேன். எல்லாரும் தாண்டிப் போனார்கள். பிறகு ஏறினேன். இத்தனை வருடம் அக்கா பார்த்துக்கொண்டு வந்தது என்ன என்று அன்றுதான் தெரிந்தது. அந்த இடத்திலிருந்து எல்லாருடைய முதுகும் தெரிகிறது. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் காலை மாற்றி மாற்றி வைக்கிறார்கள், எல்லாம் தெரிகிறது. சகுந்தலா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்.

அடி அண்ணாமலை தாண்டியதும் முன்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லாரும் வரேளாடி?"

நான் மணியை ஒரு தடவை அடித்தேன்.