மூன்றாவது மெமரி போர்டு

சுசீந்திரத்துக்காரரான தாணுமாலயன், திருவனந்தபுரத்தில் ஓர் ஆபீஸின் கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பவர். 1986 துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், அவர் ஓய்ந்துபோயிருந்தார். மத்தியான மழை பிடித்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிடும். மறுபடி கிளப்ப ஒரு மணி நேரம் ஆகும். மூன்று வாரமாக இதே பிழைப்பு.

"மெமரிதான் கேடு சாரே," என்பாள் புரோகிராம் எழுதும் செண்பகவடிவு.

"காலைல டெஸ்ட் பண்ணுனா எல்லாம் பாஸ் ஆகுதே! ஆப்பரேட்டிங் சிஸ்டத்துலதான் தப்பு," என்று எரிந்து விழுவார். அதை எழுதிய பம்பாய் கம்பெனிக்கு ஐந்து கடிதம் போட்டிருந்தார். ஐந்திலும் திட்டுதான்.

"மழை பெய்யும்போ ஒருக்கா டெஸ்ட் ஓட்டிப் பாருங்க," என்று ஒருநாள் அவள் சொன்னாள். சலித்துக்கொண்டே ஓட்டினார். மூன்றாவது மெமரி போர்டு ஃபெயிலானது. அதைக் கழற்றி விளக்கருகே பிடித்தார். சிப்புகளின் கால்களுக்கு இடையே மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. மழை ஈரத்தில் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார். சந்தனம்.

"இது எப்படி உள்ள போச்சு?" என்றாள் செண்பகவடிவு.

பீரோ மாதிரி நின்ற அந்தக் கம்ப்யூட்டரின் கதவுக்கு இருந்த ஒரே சாவி தாணுமாலயனின் இடுப்பில்தான் தொங்கியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாந்தான் மோளே. சரஸ்வதி பூஜைக்கு எல்லாரும் வெளிய பொட்டு வெச்சீங்க. உள்ள இருக்கதுதானே வேல பாக்குதுன்னு எனக்குத் தோணிச்சு."