தாமதமாகத் திறந்த கேட்

மலேசியாவின் ஈஜோக்கில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில், வேலைக்குத் தாமதமாக வந்த பெண்ணைப் பார்த்து முதலாளி கத்தினார்: "லேசி லா நீ!"

அந்த ஆங்கில வார்த்தையை நான் முதலில் கேட்டது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்தில். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஊரடங்கு முடிந்து நன்றாக விடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். இருட்டோடு பட்டையைச் சீவினால்தான் மரத்தில் பால் வடியும். வெயில் ஏறினால் நின்றுவிடும்.

அன்று பால் நிறுக்கும் இடத்தில், புளித்த பால் வாடையடித்த அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை, பாதி நிறைந்த அவள் வாளியைப் பிரம்பால் தட்டி, "லேசி!" என்றார்.

"என்னங்கய்யா சொல்றாரு?" அம்மா கணக்கெழுதும் கிராணியைக் கேட்டாள்.

"சோம்பேறிங்கறாரும்மா."

அம்மா முள்வேலிப் பக்கம் கையை நீட்டினாள். "நான் இல்ல தொரை. கேட் லேசி!"

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். கேட் அதற்காகச் சீக்கிரம் திறக்கவில்லை. ஆனால் துரை அந்த வார்த்தையை எங்கள் பெண்களிடம் அப்புறம் சொன்னதே இல்லை.

இப்போது கடைப் பெண்ணிடம், "பஸ் லேட்டாம்மா?" என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"முதலாளி," என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. "இந்தப் பொண்ணு இல்ல. பஸ்ஸுதான் லேசி!"