வீடு சேர்ந்த மூச்சு

சித்தப்பா வீட்டு விசேஷம் எதற்கும் நான் போவதில்லை. பத்திரிகை வந்தால் வாங்கிப் பரணில் எறிவேன். ஊரில் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், அய்யா மிளகாய்க் கொல்லையில் மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது காற்று திரும்பி, மருந்தெல்லாம் அவர் மேலேயே விழுந்தது. நுரை தள்ளி வரப்பில் சாய்ந்தவரை இராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தொண்டையில் குழாய் செருகி வென்டிலேட்டரில் போட்டார்கள். அம்மா முன்பே இறந்துவிட்டாள். நான் ஒரே பிள்ளை.

முதலில் வைத்த முறையில் எல்லாம் மிஷின் பாடுதான். அய்யா மயக்கத்தில் கிடக்க, அது தன் கணக்கில் காற்றைத் தள்ளும். நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கும். கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டு, "அண்ணன் நல்லா மூச்சு விடுறாரு" என்று சித்தப்பா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதில் ஒரு மூச்சுகூட அய்யாவுடையது இல்லை.

சில நாள் கழித்து டாக்டர் முறையை மாற்றினார். இனி ஒவ்வொரு மூச்சையும் அய்யாவே தொடங்க வேண்டும். தொடங்கினால் மிஷின் கூடச் சேர்ந்து காற்றைக் கொடுக்கும்.

"இது நல்லதும்மா. ஆரம்பிக்கிறது அவரு, மிஷின் கை மட்டும் குடுக்குது. தொண்டைக்குத்தான் இன்னும் பலமில்ல, வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாது" என்றார்.

நெஞ்சு இப்போது ஒரு தடவை பெரிதாக ஏறியது, ஒரு தடவை சின்னதாக; நடுவில் கொஞ்சம் நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

சித்தப்பாவுக்கு அது கடைசி மூச்சாகத் தெரிந்தது. வெளியே செத்த உடலை எங்கள் ஊரில் வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். தெருவில் கிடத்தி, தெருவிலிருந்தே எடுப்பார்கள். அண்ணனுக்கு அந்தக் கதி வரக்கூடாதாம்.

"உயிரு இருக்கயிலயே வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்" என்றார்.

"அய்யா தேறுறாரு சித்தப்பா. மிஷின் வேலையக் குறைச்சிருக்காக, அதான் அப்பிடித் தெரியுது."

"குறைச்சிட்டாகல்ல? அவுகளே கைவிட்டுட்டாகன்னு அர்த்தம். பொம்பளப் பிள்ளை நீ, சும்மா இரு."

டாக்டர் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அத்தனையும் என்னிடம் விளக்கியவர், சம்மதத்தைச் சித்தப்பாவிடம்தான் கேட்டார்.

ஏர்வாடி ரோட்டில் வேன் குலுங்கிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் கிடத்தி, குழாயை உருவிவிட்டு அவர் போய்விட்டார்.

அய்யா மூச்சு விட்டார். மிஷின் இல்லாமல், தானாக. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவும் செய்தார்.

"அய்யா முழிச்சிட்டாரு, திருப்பிக் கொண்டு போவோம்!" என்று கத்தினேன். அய்யாவின் தங்கைமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

சித்தப்பா பால் கிண்ணத்தை எடுத்தார். போகிற உயிருக்கு உறவுகள் வாயில் ஊற்றுகிற பால். "தொண்டை சரியில்ல, ஊத்தாதீங்க" என்று நான் அலற அலற, முதலில் அவர் ஊற்றினார். பிறகு மற்றவர்கள் வரிசையாக ஊற்றினார்கள். அய்யா இருமினார். பலமில்லாத இருமல், பால் வெளியே வரவில்லை. முகம் நீலம் பாய்ந்தது. அதற்கப்புறம் அவர் மூச்சைத் தொடங்கவில்லை.

சித்தப்பா இன்றும் கல்யாண வீடு, இழவு வீடு எல்லாவற்றிலும் பெருமையாகச் சொல்கிறாராம்: "எங் கையால பால் குடிச்சிட்டுத்தான் எங்க அண்ணன் உயிரு போச்சு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.