பச்சை நட்சத்திரம்

திருமங்கலம் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நின்ற இளைஞனின் சட்டையில் பச்சை நட்சத்திரம் ஒன்று குத்தியிருந்தது. பார்த்ததுமே எனக்கு ரத்தவாடை அடித்தது.

அப்பா எஸ்பெராண்டோ பேசுகிறவர். உலகத்தார் எல்லோருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட மொழி அது. பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளத்தான் அந்த நட்சத்திரம். "இந்தப் பாஷையில யாரும் யாரையும் அடிச்சதில்ல தாயி" என்பார்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு தேர்தல் நேரம். செல்லூரில் எங்கள் சந்துக்குள் உருட்டுக்கட்டையோடு வந்தவர்கள் அப்பாவின் சட்டையில் இருந்த நட்சத்திரத்தை எதிர்க்கட்சிச் சின்னம் என்று நினைத்துவிட்டார்கள்.

"கழட்டுடா அத!"

அப்பா நட்சத்திரத்தைக் கையால் பொத்திக்கொண்டு, இது கட்சியில்லை, மொழி என்று விளக்க ஆரம்பித்தார். அந்த வெறியர்களுக்கு மொழி என்ன, மண்ணாங்கட்டி என்ன? முதல் அடியில் முன்பல் தெறித்து என் பாவாடையில் விழுந்தது. அடுத்த அடியில் மண்டை பிளந்தது. விசைத்தறிச் சத்தத்தில் அம்மாவின் அலறல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அப்பா நட்சத்திரத்தைத்தான் கேட்டார். அம்மா அதைச் சாக்கடையில் வீசியிருந்தாள்.

நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட இளைஞன் முகம் மலர்ந்து, "சாலுத்தோன்!" என்றான். அப்பா சொல்லும் அதே வணக்கம். பதில் வணக்கம் எனக்குத் தெரியும்.

"அதக் கழட்டுங்க தம்பி" என்றேன்.