ஆணியில் மாட்டிய சட்டை

வேலை முடிந்து எழுந்ததும் முதலில் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்ப்பார். அடுத்து மேசைக்கு அடியில். பிறகு சார்ஜரைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, இழுப்பறையை ஒரு முறை திறந்து மூடுவார். உள்ளே எதுவும் இருக்காது. அதில் அவர் எதையும் வைத்ததே இல்லை. இருந்தாலும் திறந்து பார்த்தால்தான் நிம்மதி. தண்ணீர் குடித்த டம்ளரைக்கூடக் கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அந்த இடத்தில் ஒரு மனிதர் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறார் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அலுவலகத்தில் அவருக்குப் பிடி சார் என்று பெயர். என்ன கோளாறு என்று போய் நின்றாலும், "யாரு பிடிச்சிட்டிருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர் எழுதும் கம்ப்யூட்டர் நிரலில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

எங்களுடையது பார்சல் கம்பெனி. எந்தப் பார்சல் எந்த லாரியில் போகிறது என்று காட்டும் மென்பொருளை அடிக்கடி மாற்றுவோம். அதற்காக சர்வரை நிறுத்த முடியாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையது வெளியே போகவேண்டும், புதியது உள்ளே வரவேண்டும். யாருக்கும் வேண்டாததை அள்ளிக் கொட்ட கார்பேஜ் கலெக்டர் என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது மகா நியாயஸ்தன். யாராவது ஒரு பொருளின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதைத் தொடாது.

"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவங்க ஆணியில ஒரு சட்டையை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு வைங்க," என்பார் பிடி சார். "அந்த ஒத்தைச் சட்டைக்காக முழு வீட்டையும் பூட்டி வெச்சிருக்கும் இந்த மெஷின். அடுத்து வர்றவங்களுக்குப் புது வீடு கட்டும். அவங்களும் ஒரு சட்டையை விட்டுட்டுப் போவாங்க. அப்புறம் கட்டுறதுக்கு இடம் ஏது?"

ஒரு சட்டைக்கு ஒரு வீடா, அநியாயமாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பொருளும் தன்னைச் செஞ்ச அச்சைப் பிடிச்சிருக்கும்மா. அச்சு, தன்னை உள்ள கூட்டிட்டு வந்த கிளாஸ் லோடரைப் பிடிச்சிருக்கும். அது, தான் கூட்டிட்டு வந்த ஒருத்தரையும் விடாது. குடும்பம்மா, குடும்பம்!"

ஒரு முறை அப்படித்தான் மெமரி நிரம்பி, சர்வர் மூச்சடைத்து விழுந்தது. லாரிகள் எல்லாம் வாசலில் நின்றன. மேனேஜர் கத்திய கத்தலில் காபி மெஷினே ஆடிப்போயிருக்கும். பிடி சார் மட்டும் தலை நிமிரவில்லை. தேதியை அழகாக எழுதிக் காட்டுவதற்காக எங்கள் ஆட்கள் செய்த ஒரு சின்னப் பொருள்தான் அந்தச் சட்டை என்று கண்டுபிடித்தார். "நம்ம புரோகிராமை ஓட்டுற வேலையாள் சர்வரோட ஆளு. அவன் பாக்கெட்டுல நம்ம பொருளை வெச்சோம். நாம கிளம்பிட்டோம், அவன் கிளம்பலையே!"

அன்று முதல் அவர் கண்ணில் படாமல் எந்த நிரலும் சர்வருக்குப் போவதில்லை. ஓடவிட்டதை நிறுத்தினாயா, பாக்கெட்டில் வைத்ததை எடுத்தாயா, பேர் கொடுத்த இடத்தில் பேரை அடித்தாயா என்று மாமியார் மாதிரி துருவித் துருவிக் கேட்பார். "உள்ள வர்றப்பவே வெளியே போற வழியை எழுதிடணும்." இது எங்களுக்கு மனப்பாடம். அவர் இல்லாதபோது ஆளுக்கொரு குரலில் சொல்லிச் சிரிப்போம்.

சிரிப்பு அலுவலகத்தோடு சரி. மனைவி இறந்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் அந்த அம்மாவின் செருப்புகூட இல்லாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாராம். "வெச்சிருந்தா நான் எழுந்திருக்கவே மாட்டேன்னு பயமா இருந்துச்சும்மா," என்று சொன்னார். மகளுக்கு அதில் தீராத கோபம். ஒரே மகள். வேலை கிடைத்ததும் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவர் மாலையில் வீடு திரும்பினால், காலையில் மடித்து வைத்த போர்வை மடித்தபடியே இருக்கும்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? சாவியைத் திருப்பிக் கொடுத்தா தப்பாம்மா?"

விஷயம் இதுதான். புது வீட்டின் இன்னொரு சாவியை மகள், "இது உங்களோடதுப்பா," என்று கையில் கொடுத்திருக்கிறாள். இவர் அவளுக்குத் திரைச்சீலைக் கம்பியை மாட்டிக் கொடுத்தார். விழுந்த தூசியைக் கூட்டினார். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தபோது சாவியை மேசைமேல் வைத்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் அவளிடமிருந்து போன் இல்லை. இவராகக் கூப்பிட்டால், "வேலையா இருக்கேன்ப்பா," என்கிறாளாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சார், உங்களுக்கு மூளை கீளை இருக்கா? வீடு காலி பண்ணவா போனீங்க? பெத்த பொண்ணு கொடுத்த சாவி சார் அது!"

"வேலை முடிஞ்சுதேன்னு வெச்சுட்டேன்," என்றார். கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். "யாரும் பிடிக்காத பொருளை அந்த மெஷின் அள்ளிட்டுப் போயிடும்மா. அதைக் குத்தம் சொல்ல முடியாது. அதோட வேலை அது."

தன்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "சாப்பிடுங்க முதல்ல," என்று அதட்டினேன்.

போன வாரம் மாலையில் நல்ல மழை. மகள் வீடு என் தெருவுக்கு அடுத்த தெரு. "அந்தத் திரைச்சீலைக் கம்பி ஆடுதான்னு பாத்துட்டு வந்துடலாம், நீங்களும் வாங்களேன்," என்றார். தனியாகப் போக பயம், அவ்வளவுதான். நான் என் குடையும் அவர் தன் குடையுமாகப் போனோம். மாடிப்படி ஏறும்போது வழியில் சொட்டிய தண்ணீரைக் கைக்குட்டையால் துடைக்கக் குனிந்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

மகள் கதவைத் திறந்தாள். "வாங்க ஆன்ட்டி. வாங்கப்பா." குரலில் மரியாதைக்குக் குறைவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. டீ கொடுத்தாள். கம்பி ஆடவில்லை. பேசுவதற்கும் ஒன்றுமில்லை. பிடி சார் டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். அவள் அதைப் பார்த்தாள்.

கிளம்பினோம். வழக்கம்போல் நாற்காலியைக் குனிந்து பார்த்தார். வாசல் பக்கச் சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் அந்தச் சாவி தொங்கியது. அதைப் பார்த்தார், கேட்கவில்லை. கையிலிருந்த குடையை மடித்தார், பட்டையைச் சுற்றிப் பொத்தான் போட்டார், சாவிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மறந்துவிட்டாரோ என்றுதான் நானும் நினைத்தேன். தெருவில் கால் வைத்ததும் மழை அவர் சட்டையை நனைத்தது. "சார், குடை!" என்றேன். "ம்" என்றார். என் குடைக்குள் வரச் சொன்னேன். வரவில்லை.

மேலே ஜன்னல் திறந்தது.

"அப்பா! குடையை விட்டுட்டுப் போறீங்க! அங்கேயே நில்லுங்க, கொண்டு வர்றேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பிடி சார் காது கேளாதவர்போல் தலையைக் குனிந்துகொண்டு, தொப்பலாக நனைந்தபடி, நடையை எட்டிப் போட்டார்.