விசில் ஊதும் வரை

தி. நகர் பார்க்கைத் தாண்டும்போது வாட்ச்மேன் கேட்டைப் பூட்டப்போவதாக விசில் ஊதினார். பக்கத்தில் கணவர் போனைப் பார்த்தபடி வந்தார். நேற்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

அந்த விசில் அம்மாவுக்கு ஆகவே ஆகாது. என் சின்ன வயதில், ஒரே கூடத்தில் ஒன்பது பேர் படுத்த வீடு எங்களுடையது. புருஷன் பெண்டாட்டி சண்டை போட இடமேது? என்னையும் இழுத்துக்கொண்டு இந்தப் பார்க்குக்குத்தான் வருவார்கள். என் கையில் வறுத்த கடலைப் பொட்டலம்.

"உங்க அக்கா சொன்னா மட்டும் தலையாட்டுவீங்க!" என்று அம்மா ஒரு பாதையில் விறுவிறுவென்று போவாள். அப்பா வேறு பாதையில் போவார். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பார்க். எந்தப் பாதையானாலும் நடுவிலிருந்த ரேடியோ மண்டபத்துக்குத்தான் வந்து சேரும். அங்கே இருவரும் முறைத்துக்கொண்டு நின்றபடி மாநிலச் செய்தி கேட்பார்கள். செய்தி முடிந்ததும் விசில். "மிச்சத்த நாளைக்குப் பேசிக்கலாம், வா" என்பார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இப்போது எனக்கும் கணவருக்கும் மூன்று படுக்கையறை ஃப்ளாட். ஆளுக்கொரு கதவு.

"அஞ்சு நிமிஷம்ணே" என்று வாட்ச்மேனிடம் கெஞ்சிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

"எங்க போற?" என்றார் கணவர்.

"வாங்க. சண்டை போடணும்."